தமிழ் படிக்க இ-ரீடரா, டேப்லெட்டா? தென்னாப்பிரிக்கத் தமிழ்க் குடும்பங்களுக்கு ஒரு வழிகாட்டி

டர்பனை அடுத்த சாட்ஸ்வர்த்தில் சனிக்கிழமைதோறும் நடக்கும் தமிழ் வகுப்பொன்றில் நான் பாடம் சொல்லிக்கொடுக்கிறேன். ஆண்டிறுதியில் கடைகள் தள்ளுபடி அறிவிக்கத் தொடங்கியதும், பிள்ளைகளை அழைத்துப்போக வரும் பெற்றோர் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: தமிழ் படிப்பதற்கு இ-ரீடர் வாங்கலாமா, டேப்லெட் வாங்கலாமா? எந்தக் கருவி என்று பதில் சொல்வதற்கு முன்னால், வாங்கியதும் முதலில் எந்த நூலைத் திறக்கப்போகிறீர்கள் என்று நான் திருப்பிக் கேட்பது வழக்கம். ஆயாவுக்குத் தேவாரத்தைப் பெரிய எழுத்தில் காட்டவேண்டும் என்பார் ஒருவர்; ஊரிலிருந்து யாரோ அனுப்பிய பழைய நூலின் ஸ்கேன் பிரதியைப் படிக்கவேண்டும் என்பார் இன்னொருவர்; மகளுக்கு வண்ணப் படங்களோடு உயிரெழுத்து கற்பிக்கவேண்டும் என்பார் மற்றொருவர். இந்த மூவருக்கும் ஒரே கருவி ஒத்துவராது. படிக்கப்போகும் நூல் எந்த வடிவில் கிடைக்கிறது என்பதை முதலில் அறிந்துகொண்டு, அதற்கேற்ற கருவியைப் பின்னால் தேர்ந்தெடுப்பதுதான் இந்த வழிகாட்டி சொல்லும் முறை.

நமக்கு இந்தத் தேர்வு சற்று முக்கியமானது. 1996ஆம் ஆண்டின் தென்னாப்பிரிக்க அரசியலமைப்பு, தன் 6ஆம் பிரிவில், போற்றி வளர்க்கப்பட வேண்டிய மொழிகளுள் ஒன்றாகத் தமிழையும் பெயர் குறித்துச் சொல்கிறது. ஆனாலும் பக்கத்துக் கடைவீதிக்குப் போய்த் தமிழ் நூல் ஒன்றை வாங்கிவரும் வசதி நம்மில் பெரும்பாலோருக்கு இல்லை. ஆகவே சரியான கருவி ஒன்று வீட்டுக்கு வந்தால் அதுவே நமக்கு நூலகமாகிறது.

இரண்டு திரைகள்

இரண்டுக்கும் உள்ள அடிப்படை வேறுபாடு திரையில் இருக்கிறது. டேப்லெட்டின் திரை, பின்னாலிருந்து ஒளியை நம் கண்ணை நோக்கி அனுப்புகிறது. இ-ரீடரில் இருக்கும் இ-இங்க் என்னும் மின்மைத் திரையோ, அச்சுத் தாளைப் போல, மேலே விழும் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புகிறது. அந்தத் திரைக்குள் மிக நுண்ணிய குமிழ்கள் நிறைந்திருக்கும். ஒவ்வொன்றிலும் ஒன்றுக்கொன்று எதிரான மின்னேற்றம் கொண்ட கறுப்புத் துகள்களும் வெள்ளைத் துகள்களும் மிதக்கும். மின்புலத்தை மாற்றினால் ஒரு நிறம் மேலே வரும், மற்றது கீழே போகும். ஒருமுறை எழுத்து அமைந்துவிட்டால், பக்கத்தைத் திருப்பும்வரை அதைத் தாங்கி நிறுத்த மின்சாரம் தேவைப்படுவதில்லை. இ-ரீடரின் மின்கலம் வாரக்கணக்கில் நிற்பதற்கும், டேப்லெட்டின் மின்கலம் பத்து மணி நேர அளவில் தீர்ந்துபோவதற்கும் காரணம் இதுதான்.

2023ஆம் ஆண்டின் லோட் ஷெடிங்கை அனுபவித்தவர்களுக்கு இந்த வேறுபாட்டின் அருமையை விளக்கவேண்டியதில்லை. ஒரே நாளில் பலமுறை மின்சாரம் போய் வந்த அந்த மாதங்களில், சார்ஜ் எல்லாம் கைப்பேசிக்கும் விளக்குக்கும் போய்விட, படிப்பதற்கென்று மிஞ்சியது இ-ரீடர் மட்டுமே.

வாசகர் கேட்டதும், கருவிகள் கொடுத்ததும்

மின்மைத் தொழில்நுட்பம் எம்ஐடி ஆய்வகத்தில் பிறந்து, 1997இல் இ-இங்க் என்ற நிறுவனமாக உருவெடுத்தது. அந்தத் திரையோடு வந்த முதல் வாசிப்புக் கருவியாகிய லிப்ரியேவை சோனி நிறுவனம் 2004இல் ஜப்பானில் விற்றது. 2007 நவம்பரில் அமேசானின் முதல் கிண்டில் 399 டாலர் விலையில் வந்து, ஐந்தரை மணி நேரத்தில் விற்றுத் தீர்ந்தது. கணினியின் துணையில்லாமல், கருவியிலிருந்தே நூலை வாங்கிப் பதிவிறக்க முடிந்தது அதன் வெற்றிக்குப் பெரிய காரணம். 2010 ஏப்ரலில் ஐபேட் விற்பனைக்கு வந்தபோது, இ-ரீடரின் காலம் முடிந்துவிட்டது என்று பலர் எண்ணினார்கள். அப்படி ஆகவில்லை. படிப்பதற்கென்றே ஒரு கருவியை விரும்பும் வாசகர் கூட்டம் நிலைத்து நின்றது. அந்தக் கூட்டம் கேட்டவை ஒவ்வொன்றாக வந்துசேர்ந்தன. இருட்டில் படிக்க முன்னொளி 2012இல் வந்தது. தண்ணீர் பட்டாலும் கெடாத கருவியைக் கோபோ என்னும் இ-ரீடர் நிறுவனம் 2014இல் கொண்டுவந்தது. பேனாவால் எழுதும் வசதியை ரிமார்க்கபிள் 2017இலும், கிண்டில் ஸ்கிரைப் 2022இலும் தந்தன. வண்ண மின்மை 2020 முதல் சந்தைக்கு வந்து, 2024இல் கோபோ, கிண்டில் இரண்டிலும் இடம்பிடித்தது. தமிழ் வாசகர்தாம் நெடுங்காலம் காத்திருக்க நேர்ந்தது: கிண்டிலில் தமிழ் நூல்களை முறையாக வாங்கிப் படிக்கும் வசதியை அமேசான் அறிவித்தது 2016 டிசம்பரில்தான்.

இந்தப் பட்டியலில் தமிழ் படிப்பவருக்கு எல்லாவற்றையும்விட முக்கியமானது எது என்று கேட்டால், எழுத்தின் கூர்மை என்பேன். முதல் கிண்டிலின் திரையில் ஓர் அங்குலத்துக்கு 167 புள்ளிகள். இன்றைய நல்ல கருவிகளில் 300 புள்ளிகள். ஆங்கில எழுத்துக்கு 167 ஓரளவு போதும். தமிழில் ண, ன, ணை, றை போன்ற எழுத்துகளின் சுழிகள் அந்த அளவில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். மெய்யெழுத்தின் தலைமேல் இருக்கும் புள்ளி மங்கிப்போகும். புள்ளி தெரியாவிட்டால் 'கல்' என்பதும் 'கல' என்பதும் கண்ணுக்கு ஒன்றாகிவிடும். இப்போதுதான் எழுத்துக்கூட்டிப் படிக்கத் தொடங்கிய பிள்ளை அங்கேயே நின்றுவிடும். ஆகவே பழைய கருவியை மலிவாக வாங்க நினைப்பவர்கள் இந்த ஒன்றை அவசியம் பார்க்கவேண்டும்: 2022க்கு முன்னால் வந்த அடிப்படை விலைக் கிண்டில்கள் 167 புள்ளிகளோடுதான் வந்தன.

வண்ண மின்மையைப் பற்றியும் ஒரு சொல். கறுப்பு எழுத்தை 300 புள்ளிகளில் காட்டும் அந்தத் திரை, வண்ணத்தை 150 புள்ளிகளில்தான் காட்டும். மேலே வண்ண வடிகட்டி இருப்பதால் பின்புலமும் சற்றுக் கருமையாகத் தெரியும். குழந்தைகளின் படப் புத்தகத்துக்காக அதற்குக் கூடுதல் பணம் கொடுப்பதைவிட, சாதாரண டேப்லெட் ஒன்றை வாங்குவதே மேல்.

கடையில் செய்யவேண்டிய தமிழ்ச் சோதனை

சில ஆண்டுகளுக்கு முன், என் பெரியம்மாவின் பிறந்தநாளுக்காக ஓர் இ-ரீடர் வாங்கினேன். அட்டையில் எழுதியிருந்ததை எல்லாம் படித்தேன். தமிழ் தெரியுமா என்பதை மட்டும் பார்க்கத் தவறினேன். வீட்டுக்கு வந்து திருவாசகத்தைத் திறந்தபோது பக்கம் முழுவதும் வெறும் கட்டங்களாக நின்றன. பெரியம்மா ஒன்றும் சொல்லாமல் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். அந்த முகத்தை நான் இன்னும் மறக்கவில்லை. இதை எழுதுவதற்கும் அதுவே காரணம்.

ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் தரும் ஒருங்குறி (யூனிகோட்) முறையில் தமிழ் எழுத்துகள் 1991 முதலே இருக்கின்றன. ஆனால் எழுத்துக்கு எண் இருப்பது மட்டும் போதாது. 'கெ' என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். கோப்பில் முதலில் ககரமும் பிறகு கொம்பும் இருக்கும். திரையிலோ கொம்பு இடப்பக்கம் வரவேண்டும். 'கொ' என்றால் கொம்பு இடப்பக்கமும் கால் வலப்பக்கமும் பிரிந்து நிற்கவேண்டும். இப்படி இடம் மாற்றி அடுக்கும் வேலையைச் செய்ய, கருவியின் மென்பொருளுக்குள் ஓர் எழுத்தமைப்புப் பொறி வேண்டும். அது இல்லாத கருவியில் எவ்வளவு நல்ல எழுத்துருவை ஏற்றினாலும் பயனில்லை.

ஆகவே உங்கள் கைப்பேசியில் ஒரு சிறு கோப்பைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். அதில் 'கெண்டை, கேழ்வரகு, கொக்கு, கோவில், மௌனம், லக்ஷ்மி, ஸ்ரீ' ஆகிய ஏழு சொற்கள் இருந்தால் போதும். அதைக் கருவியில் திறந்து பாருங்கள். வெறும் கட்டங்கள் தெரிந்தால் எழுத்துரு இல்லை என்று பொருள்; இது பெரும்பாலும் தீர்க்கக்கூடிய குறை. கிண்டிலையோ கோபோவையோ யுஎஸ்பி வழியாகக் கணினியோடு இணைத்து, ஃபான்ட்ஸ் என்று ஆங்கிலத்தில் பெயரிட்ட கோப்புறையில் நோட்டோ செரிஃப் தமிழ் போன்ற இலவச எழுத்துருவைப் போட்டு, பிறகு அமைப்புகளில் அதைத் தேர்ந்தெடுக்கலாம். கட்டங்கள் இல்லாமல், கொம்பு எழுத்துக்கு வலப்பக்கம் தள்ளி நின்றாலோ, புள்ளிகளால் ஆன வட்டம் ஒன்று இடையில் தோன்றினாலோ, எழுத்தமைப்புப் பொறி இல்லை என்று பொருள். அந்தக் கருவியை வாங்கவேண்டாம். டேப்லெட்டுகளில் இந்தச் சிக்கல் இன்று அநேகமாக இல்லை. ஆண்ட்ராய்டும் ஐபேடும் தமிழைச் சரியாக அமைக்கின்றன.

இ-ரீடரின் பெட்டியைத் திறந்துகாட்டக் கடைக்காரர்கள் எப்போதும் சம்மதிப்பதில்லை. அப்போது நம் சட்டங்கள் கைகொடுக்கும். இணையம் வழியாக வாங்கும் பொருள் கைக்கு வந்த ஏழு நாள்களுக்குள், காரணம் சொல்லாமலேயே திருப்பிக்கொடுக்கும் உரிமையை 2002ஆம் ஆண்டின் மின்னணுத் தகவல்தொடர்பு, பரிவர்த்தனைச் சட்டத்தின் 44ஆம் பிரிவு தருகிறது. திருப்பி அனுப்பும் செலவு மட்டும் நம்முடையது. நேரில் கடைக்குப் போய் வாங்கினால் அந்த உரிமை கிடையாது. ஆனால் 2008ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 55ஆம் பிரிவு வேறொரு வழியைத் திறக்கிறது: பொருளை இன்ன பயனுக்காக வாங்குகிறேன் என்று குறிப்பாகத் தெரிவித்து, விற்பவரும் அத்தகைய பொருளை வழக்கமாக விற்பவராக இருந்தால், அந்தப் பயனுக்கு அது ஏற்றதாக இருக்கும் என்று எதிர்பார்க்கும் உரிமை நமக்கு உண்டு. எனவே 'தமிழ் நூல்கள் படிப்பதற்காக வாங்குகிறேன்' என்று மின்னஞ்சலில் ஒரு வரி எழுதிப் பதில் பெற்றுக்கொள்ளுங்கள். நான் அன்று அந்த ஒரு வரியை எழுதியிருந்தால், மூன்று முறை கடைக்கு அலைந்திருக்கமாட்டேன்.

நூல் எந்த வடிவில் இருக்கிறது?

தமிழ் மின்னூல்களை இரு வகையாகப் பிரித்துப் பார்க்கவேண்டும். ஒன்று, எழுத்தாகவே தட்டெழுதப்பட்டது. இதை இபப் கோப்பாகப் பெற்றால் எழுத்தைப் பெரிதாக்க வரிகள் தாமே மடங்கிக்கொள்ளும். மற்றது, அச்சுப் பக்கத்தைப் படம்பிடித்த ஸ்கேன். இது பிடிஎஃப் கோப்பாக வரும், பக்கம் பக்கமாகவே நிற்கும்.

முதல் வகைக்கு மதுரைத் திட்டம் நம் மூத்த கருவூலம். 1998 பொங்கல் நாளில் தன்னார்வலர்கள் தொடங்கிய அந்தத் திட்டத்தில் சங்க இலக்கியம், திருமுறைகள், திருப்புகழ் என்று நம் கோவில்களில் ஓதப்படும் பெரும்பாலான நூல்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. 2013இல் தொடங்கிய ஃப்ரீ தமிழ் இபுக்ஸ் தளம் இக்கால எழுத்தாளர்களின் நூல்களை, அவர்கள் அனுமதியோடு, இபப் வடிவிலும் ஆறு அங்குலத் திரைக்கென்று தனியே அமைத்த பிடிஎஃப் வடிவிலும் தருகிறது. இந்த நூல்களைப் படிக்க 300 புள்ளிகள் கொண்ட ஆறு அல்லது ஏழு அங்குல இ-ரீடரே சிறந்தது. கையில் 200 கிராம் அளவுக்குத்தான் கனக்கும். பத்து அங்குல டேப்லெட் அதைப்போல் இரு மடங்குக்கு மேல் கனக்கும். மூட்டுவலி உள்ள கைகளுக்கு இந்த வேறுபாடு பெரிது.

இரண்டாம் வகையைத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்திலும், ஈழத்து நூல்களுக்கென்று 2005 முதல் இயங்கிவரும் நூலகம் தளத்திலும் ஏராளமாகக் காணலாம். இங்கே சிறு கணக்கு ஒன்றைப் போட்டுப் பார்ப்பது நல்லது. ஏ4 பக்கத்தின் அகலம் 210 மில்லிமீட்டர். ஆறு அங்குல இ-ரீடர் திரையின் அகலம் ஏறத்தாழ 90. அந்தப் பக்கத்தை முழுவதாகக் காட்டினால், 12 பாயின்ட் அளவில் அச்சான எழுத்து 5 பாயின்ட் அளவுக்குச் சுருங்கிவிடும். விரலால் பெரிதாக்கிப் பார்த்தால் ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தை இழுக்கவேண்டும். ஆனால் பழைய தமிழ் நூல்கள் பெரும்பாலும், ஏ4ஐவிடச் சிறிய டெம்மி, கிரௌன் அளவுகளில் அச்சானவை. டெம்மி அளவுப் பக்கம் பத்து அங்குல டேப்லெட்டில் ஏறத்தாழ அச்சுப் பிரதியின் அளவிலேயே தெரியும். ஸ்கேன் நூல்களே உங்கள் தேவை என்றால், தயங்காமல் பத்து அங்குல டேப்லெட்டை வாங்குங்கள். அதே அளவிலான மின்மைக் கருவிகளும் உண்டு. விலைதான் மிக அதிகம்.

சில பழைய பிடிஎஃப் கோப்புகள் ஸ்கேன் போலில்லாமல் எழுத்தாகவே தெரியும். ஆனால் ஒரு சொல்லை நகலெடுத்து ஒட்டினால் பொருளற்ற குறிகளாக விழும். அவை பாமினி, டிஸ்கி போன்ற பழைய குறியாக்கங்களில் தட்டெழுதப்பட்டவை. என்எச்எம் கன்வெர்ட்டர் போன்ற மென்பொருளால் அவற்றை ஒருங்குறிக்கு மாற்றிக்கொள்ளலாம்.

ஏற்றுவதும் காப்பதும்

கோபோ கருவியை யுஎஸ்பி வழியாக இணைத்து, இபப் கோப்பை நேரே போட்டுவிடலாம். கிண்டிலுக்கு, 'சென்ட் டு கிண்டில்' பக்கத்தில் ஏற்றலாம் அல்லது கருவிக்கென்று உள்ள மின்னஞ்சல் முகவரிக்கு அனுப்பலாம். 2022 முதல் அது இபப் கோப்பை ஏற்கிறது. மின்னஞ்சல் வழியை விரும்புவோர், உங்கள் முகவரியை அனுமதிக்கப்பட்டவர் பட்டியலில் முதலில் சேர்க்கவேண்டும். அதைச் செய்யாமல் 'நூல் வரவில்லை' என்று வருந்துவோரே அதிகம். கணினியில் நூல்களை ஒழுங்குபடுத்தவும் வடிவம் மாற்றவும் காலிபர் என்னும் இலவச மென்பொருளைப் பயன்படுத்துங்கள். 2006இல் கோவிட் கோயல் தொடங்கிய இந்தப் பணி இன்றும் தொடர்ந்து மேம்படுத்தப்பட்டு வருகிறது.

காசு கொடுத்து வாங்கும் மின்னூல் முழுவதும் நம்முடையது என்று எண்ணவேண்டாம். 2009 ஜூலையில், உரிமையில்லாத ஒருவர் விற்றிருந்தார் என்ற காரணத்தால், இரண்டு நாவல்களின் பிரதிகளை வாசகர்களின் கிண்டில்களிலிருந்தே அமேசான் அழித்தது; பின்னர் மன்னிப்பும் கேட்டது. வாங்கிய நூலைக் கணினிக்குப் பதிவிறக்கி யுஎஸ்பி வழியாக மாற்றும் வசதியையும் 2025 பிப்ரவரியில் அது நிறுத்தியது. எனவே பூட்டில்லாத கோப்பாகக் கிடைக்கும் இடங்களில் அதையே விரும்பி எடுங்கள்; இலவச நூல்களின் பிரதிகளைப் பென்டிரைவ் ஒன்றிலும் சேமித்துவையுங்கள்.

சொற்பொருள் பார்ப்பது

ஆங்கிலத்தில் வளர்ந்து தமிழைப் பிறகு கற்கும் நம் இளையவர்கள் இ-ரீடரிடம் மிகவும் எதிர்பார்ப்பது, சொல்லைத் தொட்டால் பொருள் சொல்லும் வசதியை. இதில்தான் அவர்கள் ஏமாறுகிறார்கள். தமிழ்ச் சொல் விகுதிகளை ஏற்று மாறிக்கொண்டே போகும். அகராதியோ வேர் வடிவில் இருக்கும். 'நின்றேன்' என்பதைத் தொட்டால், அகராதிக்குத் தெரிந்த 'நில்' கிடைக்காது. ஆகவே பிள்ளைகளுக்கு இரண்டு பழக்கங்களைக் கற்றுக்கொடுங்கள். ஒன்று, சொல்லின் இறுதியிலிருந்து விகுதியைக் கழற்றி வேரைத் தேடுவது: நின்றேன் என்றால் நில், கண்டோம் என்றால் காண், வந்தருளினான் என்றால் வா, அருள். மற்றொன்று, டேப்லெட்டில் நூலையும் அகராதியையும் பக்கம் பக்கமாகத் திறந்துவைப்பது. சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை வெளியிட்ட தமிழ்ப் பேரகராதி, ஆங்கிலப் பொருளோடு, சிகாகோ பல்கலைக்கழகத்தின் தளத்தில் இலவசமாகத் தேடக் கிடைக்கிறது. கற்கும் வயதில் உள்ளவருக்கு டேப்லெட் ஏன் பொருத்தமானது என்பதற்கு இதைவிட நல்ல காரணம் எனக்குத் தெரியவில்லை. ஆண்ட்ராய்டு டேப்லெட் தமிழை உரக்கப் படித்தும் காட்டும். அதன் குரலில் உயிர் குறைவுதான் என்றாலும், ழகரத்தையும் ளகரத்தையும் வேறுபடுத்திக் கேட்க அது உதவுகிறது.

விலை பற்றிச் சில வரிகள் போதும். வெளிநாட்டிலிருந்து தருவித்தால் 15 விழுக்காடு மதிப்புக்கூட்டு வரியும் சேரும் என்பதைக் கணக்கில் கொள்ளுங்கள். மின்னேற்றத் துளை யுஎஸ்பி-சி வகையாக இருக்கட்டும். கைப்பேசியின் சார்ஜரே போதும், செருகி மாற்றியைத் தேடவேண்டாம். கடற்கரைக்கு எடுத்துப்போகும் பழக்கம் இருந்தால், தண்ணீரைத் தாங்கும் என்பதைக் காட்டும் ஐபிஎக்ஸ்8 என்ற குறியீட்டைப் பாருங்கள்.

பெரியம்மாவின் கருவியைத் திருப்பிக்கொடுத்து, சோதித்துப் பார்த்த வேறொன்றை வாங்கினோம். அதில் தேவாரம், திருவாசகம், திருப்புகழ் என்று மூன்று நூல்களை மட்டும் முகப்பில் வைத்தேன். நம் ஊரில் பல ஆயாமார் பாடுவதைப் போல ஆங்கில எழுத்தில் எழுதிய பாடல் பிரதி ஒன்றை நான்காவதாக, அவருடைய தோழிக்காகச் சேர்த்தேன். ஒரு பக்கத்தில் நான்கடி விருத்தம் ஒன்று முழுமையாக நிற்கும் அளவுக்கு எழுத்தைப் பெரிதாக்கி, முன்னொளியை மஞ்சள் பக்கமாகத் திருப்பி, கைதவறி எதையும் வாங்கிவிடாதபடி வைஃபையை அணைத்துவைத்தேன். புரட்டாசிச் சனிக்கிழமைகளில் விளக்கேற்றிய பின் அவர் அதைத்தான் கையில் எடுக்கிறார். மாதம் ஒருமுறை நான் போய் சார்ஜ் போட்டு, கேட்ட பதிகத்தைச் சேர்த்துவிட்டு வருகிறேன்.